சேற்றில் இறங்கிய டிரம்

"ஏ பிலோமினா! நிறுத்துமே! இன்னா அடி அடிக்கிற நீ? நாங்க இங்க நாத்து நடறோமா, கொடி ஏத்தறோமா?"

கழனியின் நடுவே, சேற்றுக் கையை இடுப்பில் ஊன்றி நிமிர்ந்து நின்றுகொண்டு நாகம்மா அக்கா போட்ட சத்தம் அது. அத்திப்பட்டு ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்த கும்மிடிப்பூண்டி வண்டியில் இருந்தவர்களுக்கும் நிச்சயம் கேட்டிருக்கும். ஜன்னலோரத்தில் இரண்டு மூன்று தலைகள் திரும்பியதை நானே பார்த்தேன்.

நான் வரப்பின் மேல் நின்றுகொண்டிருந்தேன். கழுத்தில் சைடு டிரம். கையில் இரண்டு குச்சி. தலையில் என் பள்ளிக்கூடத் தொப்பி. இருபது வருடமாக ஆயிரம் பிள்ளைகளை மைதானத்தில் ஒரே சீராக நடக்க வைத்தவள் நான். என் அடியை ஒருவர் குறை சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை.

கோபம் வந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே வந்தது.

ஆனால் அக்கா கை நீட்டிய பக்கம் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். நட்டு முடித்த இடத்தில் ஓட்டை ஓட்டையாக வெறும் தண்ணீர் மின்னிக்கொண்டிருந்தது. மணி பத்தாகிவிட்டது. அன்று இருட்டுவதற்குள் அந்தக் கழனி முழுக்க நட்டு முடித்தாக வேண்டும். முடிக்காவிட்டால் அது ட்ரெய்லர் லாரிகள் நிற்கிற இடமாகிவிடும்.

இது யார் கழனி?

போன வாரம் என் கல்யாணக் கதையை எழுதியதும், "ராயபுரத்துப் பெண்ணுக்கும் அத்திப்பட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். சம்பந்தம் இதுதான் அம்மணி. என் வீட்டுக்காரர் செல்வத்தின் சொந்த இடம் அத்திப்பட்டுப் பக்கத்தில் ஒரு காலனி. நாகம்மா அக்கா அவருடைய மூத்த அக்கா. நாங்கள் குடியிருப்பது திருவொற்றியூரில் என்றாலும், அக்கா கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது. போகாவிட்டால் அக்கா வந்துவிடுவார்.

காலனிக்குப் பின்னால் மூன்று துண்டாக ஒரு காணி நிலம். தனி ஆளுக்குச் சொந்தமில்லை, காலனிக்கே பொது. வருடத்தில் ஒரு போகம். நடவுக்கு வீட்டுக்கு ஒரு ஆள் இறங்க வேண்டும். விளைகிற அரிசி தை மாதம் காலனி மொத்தத்துக்கும் ஒரே பொங்கலாக வேகும்.

வடக்கே அனல் மின் நிலையத்தின் புகைக்கூண்டு. தெற்கே கன்டெய்னர் யார்டின் உயரமான காம்பவுண்டு. காலையில் கழனித் தண்ணீரின் மேல் சாம்பல் மெல்லிசாகப் படிந்திருக்கும். கையால் விலக்கிவிட்டு நடுவார்கள். காம்பவுண்டு வந்த பிறகு வண்டிப் பாதை போய்விட்டதால் நடவு மெஷின் உள்ளே வர வழியில்லை. சேறும் முழங்காலுக்கு மேல் ஆழம். ஆகவே கையால்தான் நட வேண்டும், அதற்குத் தப்பு என்கிற பறையை அடித்தாக வேண்டும்.

தப்பு எதற்கு என்று நானும் முதலில் கேட்டவள்தான். பதினேழு பெண்கள் ஒரே வரிசையில் குனிந்து, பின்னால் நகர்ந்துகொண்டே நடுகிறார்கள். ஒருத்தி வேகமாகப் போனால் வரிசை வளையும். மெதுவானவள் நடுவில் மாட்டிக்கொள்வாள். சுற்றிலும் நட்டுவிட்டிருப்பார்கள், அவளுக்கு வெளியே வர வழி இருக்காது. அப்படி மாட்டிக்கொண்டவளை அந்த வருடம் முழுக்கக் கேலி செய்வார்கள். தப்பு அடித்தால் எல்லாருடைய கையும் காலும் ஒன்றாகப் போகும், யாரும் மாட்டமாட்டார்கள்.

அதை அடிப்பவர் நாகம்மா அக்காவின் வீட்டுக்காரர் ஏழுமலை அண்ணன். மின் நிலையத்தில் கான்ட்ராக்டில் நிலக்கரி பெல்ட்டைப் பார்த்துக்கொள்கிற வேலை. காலனிக்காரர்கள் ஊருக்குள் சாவு விழுந்தால் தப்பு எடுத்துப் போவதை, கூட்டம் போட்டு முடிவெடுத்து, எப்போதோ நிறுத்திவிட்டார்கள். கழனிக்கு அடிப்பதை மட்டும் நிறுத்தவில்லை. ஏன் என்று ஒரு தடவை கேட்டேன்.

"அது எவனோ கூப்ட்டா ஓட்றது. இது நம்ம சோத்துக்கு நாம அடிக்கிறது. ரெண்டும் ஒண்ணாம்மா?" என்றார்.

கபாலி சொன்னதிலும் நியாயம்

கொரோனா அடங்கி ஓரிரு வருடம் இருக்கும். புரட்டாசி மாதக் காலனிக் கூட்டத்தில் கபாலி எழுந்து நின்றான். செல்வத்தின் சின்ன வயசு தோஸ்து, ட்ரெய்லர் டிரைவர். காலனியில் பாதிப் பேர் அந்த வேலைதான்.

"யார்டு கேட் தொறக்கறவரைக்கும் வண்டிய ரோட்டுல வுட்டுகினு நிக்கறோம். போன வருசம் என் மச்சான் ஸ்கூட்டர்ல வந்து இடிச்சி கால ஒட்ச்சிக்கினான். அந்தக் கழனிய மேடாக்கிக் குட்த்தீங்கனா வண்டி அங்க நிக்கும். நடறதுக்கும் ஆள் வர்றதில்ல, பாதி நட்டு பாதி காயுது. எதுக்கு அது?"

அவன் சொன்னது பொய்யில்லை. அதற்கு முந்திய வருடம் மூன்றாவது துண்டு காலியாகவே கிடந்தது. பெண்கள் எல்லாரும் இப்போது வேலைக்குப் போகிறார்கள். யார்டில் பெருக்கும் வேலை, மின் நிலைய கேன்டீன், காசிமேட்டில் மீன் சுத்தம் செய்வது. எல்லாருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அதை விட்டால் நாற்று முற்றிவிடும், பின்னாலேயே மழை வந்துவிடும்.

நாகம்மா அக்கா கூட்டத்தில் அதிகம் பேசுகிறவர் இல்லை. அன்றைக்கு எழுந்தார்.

"ஆறு நாளு அந்த யார்டுல எவனோ போட்ட குப்பைய நான் பெருக்கறேன் கபாலி. ஒரு நாளு என் சேத்துல நான் நிக்கறேன். அதயும் புடுங்கிக்கினா அப்புறம் நான் இன்னாத்துக்கு இந்த ஊர்ல கீறேன்? வர்ற ஞாயித்துக்கிழம ஒரே நாள்ல நட்டுக் காட்டறேன். இருட்டறப்போ வா. ஒரு குத்து பாக்கி இருந்தாலும் கழனிய உனுக்கே வுட்டுடறேன்."

குத்து என்றால் ஒரு தடவை விரலால் அழுத்தி ஊன்றுகிற நாற்று. ஒரு காணிக்கு எத்தனை ஆயிரம் குத்து என்று எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன். கபாலி சரி என்றான். கூட்டமும் சரி என்றது.

வெள்ளிக்கிழமை ஏழுமலை அண்ணனுக்கு ஞாயிறு காலை ஷிஃப்ட் போட்டுவிட்டார்கள். தப்பு அடிக்கத் தெரிந்த இன்னும் இரண்டு பேரும் அதே ஷிஃப்ட். கேட்டுப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், நடக்கவில்லை.

"நான் அடிக்கிறேன்" என்று போனில் சொன்னேன்.

ராயபுரத்துக் கர்வம்

இந்த இடத்தில் என் டிரம்மைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அப்பா துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவர். ஞாயிறும் திருவிழாவும் வந்தால் கோயில் பேண்டில் பெரிய டிரம். தேர்ப் பவனி எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது அவர் அடிக்கிற அடியில் அலமாரிக் கண்ணாடி நடுங்கும். எனக்குப் பதினைந்து வயதில் ஒரு திருவிழாவுக்கு சைடு டிரம் அடிக்கிறவர் வரவில்லை. யாரையும் கேட்காமல் நான் அதை எடுத்து மாட்டிக்கொண்டேன். பவனி திரும்பி வருவதற்குள் ஊரே பேசிவிட்டது. அம்மா என்னைத் திட்டியபடியே ஆரஞ்சு மிட்டாய் வாங்கித் தந்தார்.

பின்னால் பி.டி. டீச்சரானதும் அதே டிரம்மோடுதான். சுதந்திர தின அணிவகுப்பில் எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் கால்கள் தப்பியதே கிடையாது. எனக்குக் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஏழுமலை அண்ணன் தன் அடியை போனில் பதிவு செய்து அனுப்பினார். கேட்டேன். ஆறு அடி, பிறகு சத்தம் இல்லை. மறுபடி ஆறு அடி, மறுபடி சத்தம் இல்லை. அந்த இடைவெளியும் ஒரு சமயம் நீளம், ஒரு சமயம் குட்டை.

'இருமுகிறார் போல. இல்லையென்றால் வியர்வையைத் துடைக்கிறார்' என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் டிரம்மில் ஓட்டையே விழாது என்ற நினைப்பு. அவர் விட்டு விட்டு அடித்ததை நான் விடாமல் அடித்துப் பழகினேன். செல்வம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு டிவி பார்த்தார்.

சனிக்கிழமை சாயங்காலப் பூசையைப் பார்த்துவிட்டு, ஞாயிறு முதல் ரயிலில் போய் இறங்கினேன்.

ஓட்டைகள்

ஆக, பத்து மணி. அக்கா நிறுத்தச் சொன்ன நேரத்துக்குத் திரும்பி வருகிறேன்.

"கால எடுக்க வுடமாட்டேன்ற நீ" என்றார் வரிசையில் நின்ற ஒரு பெண். "நாலு குத்து வச்சதுமே அடுத்த அடி வந்து பின்னால தள்ளுது."

"அப்போ ஸ்பீக்கர் வைக்கட்டா?" ரோட்டில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கபாலி கேட்டான். கேலியா உதவியா என்று தெரியவில்லை. அவனுக்கே தெரிந்திருக்காது. ஆனாலும் கேபினிலிருந்து கொண்டுவந்து வரப்பில் வைத்தான். கானாப் பாட்டு கிளம்பியது.

கால் மணி நேரம் சோக்காகத்தான் போனது. இளவட்டங்கள் இடுப்பை ஆட்டிக்கொண்டே நட்டார்கள். பிறகு பார்த்தால் வரிசை வில்லாக வளைந்து, நடுவில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள்.

"தூக்குடா அத" என்றார் அக்கா. "அது பாட்டுக்கு பாடிகினு கீது. எவ நிமுர்றா, எவ குனியறான்னு அதுக்கு இன்னா தெரியும்?"

அவர் குரல் உடைந்திருந்தது. அக்கா குரல் உடைந்து நான் அதுவரை கேட்டதில்லை. தோற்றுவிடுவோமோ என்று அவர் பயந்ததைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. காரணம் நான்தான். என் கர்வத்தால் காலனியின் கழனியே போகப்போகிறது.

என்ன தோன்றியதோ, செருப்பைக் கழற்றினேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, டிரம்மோடு கழனிக்குள் இறங்கினேன்.

சேறு குளிர்ச்சியாக முழங்காலைக் கவ்விப் பிடித்தது. அடிக்க ஆரம்பித்தேன். ஆறு அடித்துவிட்டுப் பின்னால் ஓரடி வைக்கப் பார்த்தேன். கால் வரவில்லை. இழுத்தேன். சளக் என்று பிடுங்கிக்கொண்டு வந்தது. நின்று நிதானித்துப் பின்னால் வைத்த பிறகுதான் அடுத்த அடியே அடிக்க முடிந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏழுமலை அண்ணன் இருமவும் இல்லை, வியர்வை துடைக்கவும் இல்லை. அந்த இடைவெளி பதினேழு பேர் சேற்றிலிருந்து காலைப் பிடுங்குகிற நேரம். ஒரு கை எட்டுகிற அகலத்துக்கு ஆறு குத்து. பிறகு கால். சேறு ஆழமானால் இடைவெளி நீளும், மேடானால் குறையும்.

"அக்கா, வாங்க! இப்போ வாங்க!" என்று கத்தினேன்.

ஆறும் ஒரு காலும்

ஏழுமலை அண்ணன் வரப்பில் நின்றபடியே எல்லார் காலையும் பார்த்து அடிப்பவர். எனக்கு அந்தக் கண் இல்லை. என் காலை நம்பித்தான் அடிக்க முடியும். அதனால் நானும் வரிசையில் ஒருத்தியாக நின்று, அவர்களோடு பின்னால் நகர்ந்துகொண்டே அடித்தேன். என் கால் சிக்கினால் அடியும் காத்திருந்தது.

ஆறு. சளக். ஆறு. சளக்.

முதல் நாலைந்து வரிசைக்கு யாரும் பேசவில்லை. பிறகு ஒருத்தி பாட ஆரம்பித்தாள், மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். வரிசை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல வந்தது. யாராவது இடுப்பைப் பிடித்து நிமிர்ந்தால் அரை நிமிடம் மெதுவாக்கினேன். கஞ்சிக்குக் கரையேறியபோது மணி ஒன்றரை, இரண்டாவது துண்டு முடிந்திருந்தது. அக்கா தன் சொம்பிலிருந்து முதல் வாய் எனக்குக் கொடுத்தார். வெங்காயத்தைக் கடித்துக்கொண்டே, "பரேடு டீச்சரு தேறிட்டா" என்றார்.

மூன்றாவது துண்டு மீதி இருந்தது. முதல் துண்டில் என் ஓட்டைகள் வேறு.

இரண்டே முக்கால் மணிக்கு ஏழுமலை அண்ணன் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்தார். கழுத்து மடிப்பில் கரித்தூள். கையில் சூடு காட்டி முறுக்கேற்றிய தப்பு. நான் நிம்மதியாக டிரம் வாரைக் கழற்றினேன்.

"மாட்டுமா, மாட்டு. எதுக்கு கயட்டற?"

"அண்ணா, நீங்க வந்துட்டீங்களே."

மறுபடி மாட்டிக்கொண்டு அடித்தேன். அவர் வரப்பில் நின்று கொஞ்ச நேரம் கேட்டார், பார்த்தார். இத்தனை வருடமும் வரப்பின் மேல் நின்றே அடித்தவர், கழனிக்குள் நிற்கிற டிரம்மை அன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"முப்பது வருசமா மேல நின்னு அட்ச்சிகினு கீறேன். ஒரு நாத்து நட்டதில்ல. நீ அடி. அந்த ஓட்டைங்கள நான் பாத்துக்கறேன்" என்று தப்பை வரப்பில் சாய்த்துவிட்டு, ஒரு முடி நாற்றை எடுத்துக்கொண்டு முதல் துண்டில் இறங்கினார்.

பார்க்க வேண்டுமே! அக்கா வாய் ஓயாமல் கேலி செய்தார். "நாத்த குத்து நைனா, ஆணி அடிக்காத!" அவரும் விடவில்லை. அங்கிருந்து எனக்குக் குரல் கொடுத்தார்: "டீச்சரு! உன் அடி எங்கெங்க முந்திச்சோ அங்கங்க வரிசையா ஓட்ட கீது. காலைல நீ இன்னா அட்ச்சன்னு இதப் பாத்தே நான் அட்ச்சிக் காட்டுவேன்!"

வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

இருட்டுவதற்குள்

கடைசி வரிசை நட்டு எல்லாரும் வரப்பில் குதிகால் முட்ட நின்றபோது, புகைக்கூண்டின் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. வானத்தில் இன்னும் வெளிச்சம் மிச்சம் இருந்தது.

கபாலி வந்தான். சொன்னபடி மூன்று துண்டின் வரப்பையும் சுற்றி வந்தான். குனிந்து குனிந்து பார்த்தான். நாகம்மா அக்கா கையில் ஒரு குத்து நாற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாக்கி இல்லக்கா" என்றான். "நட்டுட்ட."

பெண்கள் போட்ட கூச்சலில் காம்பவுண்டு மேலிருந்த காக்கைகள் கிளம்பின. கபாலி மட்டும் சிரிக்கவில்லை.

"நீ ஜெயிச்சிட்ட. நான் வாய தொறக்க மாட்டேன். ஆனா என் வண்டிய நான் எங்கக்கா வுடறது? ரோட்டுலயே நிக்கட்டுமா? இன்னொருத்தன் வந்து கால ஒட்ச்சிக்கட்டுமா?"

கூச்சல் அடங்கியது. அக்கா அவனைப் பார்த்தார். அப்புறம் காம்பவுண்டைப் பார்த்தார்.

"தெனம் அதுக்குள்ள பெருக்கறவ நான். பின்னால பாதி எடம் புல்லு மொளச்சி கெடக்குது. முப்பது வண்டி தாராளமா நிக்கும். அவன் எடத்துல அவன் வண்டி நிக்கட்டும்டா. நம்ம சோத்துல எதுக்கு நிக்கணும்? நீ போய்க் கேட்டியா?"

"நான் தனியா போயி கேட்டா எவன் தொறப்பான்?"

"தனியா எவன்டா போச் சொன்னான்? வா." அக்கா வரப்பிலிருந்து ரோட்டில் ஏறினார். கால் கழுவவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். "பிலோமினா, காலைல ஒரு அடி அட்ச்ச பாரு, கொடியேத்தற அடி. அத இப்போ அடி."

என் காதையே நம்ப முடியவில்லை. டிரம்மைத் துடைத்துக்கொண்டு, தார் ரோட்டில் நேராக நின்று, குச்சியை ஓங்கினேன். இடது, வலது. இடது, வலது. முழங்கால் வரை சேறோடு பதினேழு பெண்கள் நடந்தார்கள். பின்னால் ஏழுமலை அண்ணன் தப்போடு சேர்ந்துகொண்டார். முன்னால் கபாலி. முதலில் கூச்சப்பட்டுப் பின்வாங்கினான். பத்தடி போனதும் அவன் காலும் தானாக அடியில் விழுந்தது. நின்றிருந்த ட்ரெய்லர்களிலிருந்து டிரைவர்கள் ஒவ்வொருவராக இறங்கிப் பின்னால் வந்தார்கள்.

யார்டு கேட்டில் செக்யூரிட்டிக்காரர் இரண்டு கையையும் விரித்து நிறுத்தினார். "மேனேஜர் வர லேட்டாகும். சத்தத்தை நிறுத்துங்கம்மா" என்றார்.

"வரட்டும், நிக்கறோம்" என்றார் அக்கா. என் பக்கம் திரும்பி, "நிறுத்தாத. அட்ச்சிகினே இரு" என்றார்.

இன்றைக்கு அந்த வண்டிகள் யார்டின் பின்பக்கம்தான் நிற்கின்றன. கழனிக்கு நான் வருடா வருடம் போகிறேன். சேற்றில் இறங்கித்தான் அடிக்கிறேன். அன்றைக்கு மேனேஜர் வந்து கேட்டைத் திறக்க முக்கால் மணி நேரம் ஆனது. முக்கால் மணி நேரமும் ஓர் ஓட்டைகூட விழாமல் அடித்தேன்.